பள்ளியில் புராணக் கதைப் போட்டி நடத்துவது எப்படி? வேலூர்ப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலக்கிய மன்றப் பொறுப்பு இந்த வருஷம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல் எல்லாம் வழக்கம்போல நடக்கும். அதோடு பழைய புராணக் கதைகளை வைத்துப் பிள்ளைகள் சொந்தமாக ஏதாவது படைக்கட்டும் என்று ஒரு புதுப் போட்டியும் முடிவாகிவிட்டது. கதை, கவிதை, ஓவியம், குறுநாடகம் எதுவாகவும் இருக்கலாம். இனி எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காட்டின் எந்த மூலையில் உங்கள் பள்ளி இருந்தாலும் இது பொருந்தும். ஏனென்றால் இந்தப் போட்டிக்கு வேண்டிய சரக்கு நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கிடக்கிறது.

முதலில் கேள்வி, அப்புறம் சுற்றறிக்கை

‘புராணக் கதை ஒன்றை உன் சொந்த நடையில் எழுதுக’ என்று சுற்றறிக்கை விட்டால் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். பாதிப் பேர் பிள்ளையார் மாம்பழம் வாங்கிய கதையை எழுதுவார்கள், மீதிப் பேர் கர்ணன் கவச குண்டலம் கொடுத்த கதையை. எல்லாவற்றிலும் கடைசி வரி ‘இக்கதையின் மூலம் நாம் அறிவது’ என்று தொடங்கும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னோம், சொல்லிவிட்டார்கள்.

நம் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் வருவான். துரியோதனன் திரைக்குப் பின்னால் பாடி ஆடி முடித்து வெளியே வந்து நின்றதும், “யாருய்யா நீ, எந்த ஊரு, எதுக்கு வந்திருக்கே?” என்று கேட்பவன் அவன்தான். ராஜாவைக் கேலி செய்வான், ஊர் நடப்பை இழுப்பான், பார்க்கிறவர்கள் மனசில் ஓடும் சந்தேகத்தைக் கதைக்குள்ளேயே நின்று கேட்டுவிடுவான். அதற்காக அவனை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. போட்டியில் பிள்ளைகள் செய்ய வேண்டியதும் அந்த வேலைதான்: கதைக்குள் போய் நின்று ஒரு கேள்வி கேட்பது, அதற்கு ஒரு பதிலைப் படைப்பது.

பெரியவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ படியுங்கள். அகலிகை கதை எல்லோருக்கும் தெரியும். ராமன் பாதத் தூளி பட்டுக் கல் பெண்ணானாள், அத்தோடு முடிந்தது. அவர் அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார். ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதை அந்தச் சீதையின் வாயாலேயே கேட்கும் அகலிகை மறுபடி கல்லாகிப் போகிறாள். ஒரே கேள்வி, ஒரு முழுக் கதை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டலாம். சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம்.

சுற்றறிக்கையில் இரண்டு கேள்விகள் மட்டும் போடுங்கள். ‘இந்தக் கதையில் வாய் திறக்காதவர் யார்? அவரைப் பேசவையுங்கள்.’ ‘கதை முடிந்த மறுநாள் காலையில் என்ன நடந்தது?’ மூன்றாவதாக ‘இந்தக் கதை இன்றைக்கு நடந்தால்?’ என்று போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். முதல் வருஷம் அதைத் தவிர்ப்பது நல்லது. அனுமார் கையில் செல்போன், நாரதர் யூடியூப் சேனல் என்று வந்து குவியும். சிரிப்பு வரும், ஆனால் இரண்டாவது வரிக்கு மேல் நகராது.

எந்தக் கதைகள்?

பட்டியல் ஆறேழு கதைக்கு மேல் போக வேண்டாம். ‘எந்தப் புராணக் கதையும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் நடுவர்களுக்கு மூலக்கதையே தெரியாமல் போகும். பிள்ளைகள் நேரில் பார்க்கக்கூடிய இடமோ விழாவோ ஒட்டியிருக்கும் கதைகளாகப் பொறுக்குங்கள். எனக்குப் பிடித்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலிடம் ரேணுகைக்கு. ஜமதக்னி முனிவரின் மனைவி தினமும் ஆற்றுக்குப் போய் ஈர மணலில் கையாலேயே குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டுவருவாள். சூளை தேவையில்லை, அவள் கற்பே சூளை. ஒருநாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழல் தெரிகிறது, அதன் அழகை ஒரு கணம் பார்த்துவிடுகிறாள், குடம் உடைகிறது. தாயின் தலையை வெட்டு என்று முனிவர் சொல்ல, மற்றப் பிள்ளைகள் மறுக்க, பரசுராமன் வெட்டுகிறான். தகப்பன் கொடுத்த வரத்தில் தாயைத் திரும்பக் கேட்டு வாங்குகிறான். நாட்டுப்புற வழக்கில் ரேணுகை ஒரு பெண்ணிடம் அடைக்கலம் போகிறாள், இருவர் தலையும் விழுகின்றன, உயிர்ப்பிக்கும்போது தலை மாறிவிடுகிறது. படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் இருக்கிறது. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போவதைத் தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம். கேட்டால் அவர்கள் நமக்குச் சொல்வார்கள்.

இந்தக் கதையில் பேசாதவர் யார் என்று வகுப்பில் கேட்டபோது அடைக்கலம் கொடுத்த பெண், மறுத்த அண்ணன்கள் என்றெல்லாம் பதில் வந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி குடத்தைப் பேசவைத்தாள். ‘நல்ல மணலையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்த களியும் கல்லும் சேர்த்து என்னைப் பிடித்தாள். நான் எப்படி நிற்பேன்? உடைந்தது நான், பழி அவளுக்கா?’ என்று போனது அந்தக் கவிதை. பாலாற்றங்கரைப் பிள்ளைக்கு மணலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புராணம், ஊர், அவள் கோபம் மூன்றும் நாலு வரிக்குள் வந்துவிட்டன. போட்டியில் நாம் தேடுவது இப்படிப்பட்ட நாலு வரிகளைத்தான்.

அடுத்தது வள்ளி. வள்ளிமலை காட்பாடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண் வீசி ஆலோலம் பாடும் பெண், வேடனாக வந்து வேங்கை மரமாகி, கிழவனாகிப் பசிக்கிறது தாகம் என்று நடிக்கும் முருகன், கடைசியில் யானையாக வந்து பயமுறுத்தும் அண்ணன் பிள்ளையார். பெண் பிள்ளைகள் இந்தக் கதைக்குள் போனால் கேள்விகள் கொட்டும். ‘என்னை ஏமாற்றித்தான் கட்டிக்கொள்ள வேண்டுமா?’ என்று வள்ளி கேட்பதாக ஒருத்தி எழுதினால் பதறாதீர்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானை என்பது கதை யானை இல்லை. ஆந்திரக் காட்டிலிருந்து இறங்கி நிலத்தை மிதித்துவிட்டுப் போகிற யானை. இரவில் பட்டாசு வெடித்துக் காவல் காக்கும் தகப்பனையும் பரண் மேல் நிற்கும் வள்ளியையும் சேர்த்து அவர்களால் எழுத முடியும். சென்னைப் பள்ளியில் இது கிடைக்காது.

சின்ன வகுப்புகளுக்கு விரிஞ்சிபுரம். தகப்பனை இழந்த சிறுவன் சிவசர்மன் பூஜை செய்ய வேண்டிய முறை வருகிறது. லிங்கத்தின் தலை எட்டவில்லை. சாமியே தலையைச் சாய்த்துக்கொடுக்கிறார். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் லிங்கம் சற்றுச் சாய்ந்திருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். உயரம் போதாமல் கரும்பலகையின் மேல் பாதியை அழிக்க முடியாத ஆறாம் வகுப்புப் பையனுக்கு இந்தக் கதை உடனே புரியும். திருவலமும் அப்படித்தான். வழக்கமாகச் சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நந்தி, வில்வநாதர் கோயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பூஜைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவரைத் தொல்லை செய்த கஞ்சன் என்ற அசுரனைத் தடுக்கத் திரும்பியது என்பது தல புராணம். ‘நந்தி எப்போது மறுபடி திரும்பும்?’ என்று ஓவியப் போட்டிக்குத் தலைப்புக் கொடுத்துப் பாருங்கள்.

பாரதத்திலிருந்து ஒன்றாவது வேண்டும். திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் அளவுக்குப் படுத்துக்கிடப்பான். திரௌபதி கூந்தல் முடிவதை ஊரே பார்க்கும். அதே இடத்தில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள். அவளைப் பற்றி யோசிக்கச் சொல்லுங்கள். கர்ணனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கர்ண மோட்சக் கூத்தில் வரும் அவன் மனைவி பொன்னுருவியைப் பற்றி எழுதினால் புதுசாக இருக்கும்.

தேசிங்கு ராஜன் கதையைப் பட்டியலில் சேர்ப்பதை நான் வற்புறுத்துவேன். அது புராணம் இல்லையே, 1714-இல் ஆர்க்காட்டு நவாபோடு நடந்த சண்டைதானே என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். ஆனால் செஞ்சிக் கோட்டைச் சண்டை நம் பக்கத்தில் பாட்டாகவும் கூத்தாகவும் மாறிப் புராணத்தின் உருவத்தை எடுத்துவிட்டது. கல்யாணப் பந்தலை விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்கு ஓடிவரும் மோவுத்துக்கான், பாராசாரிக் குதிரை, உடன்கட்டை ஏறும் ராணி எல்லோரும் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகள் தங்களுடையது என்று எடுத்துக்கொள்ளும் கதை இது. நண்பனின் போரில் நவாபுக்கு எதிராக நிற்கும் மோவுத்துக்கான் மனசில் என்ன ஓடியிருக்கும்? பெரிய வகுப்புகளுக்கு நல்ல கேள்வி.

வெளியூர்க் கதையும் ஒன்று இருக்கட்டும். கிரேக்கப் புராணத்தில் டெடலஸ் என்ற தச்சன் கிரீட் தீவுச் சிறையிலிருந்து தப்ப இறகும் மெழுகும் சேர்த்துச் சிறகு செய்கிறான். ரொம்ப மேலே போகாதே, ரொம்பக் கீழேயும் போகாதே என்று மகன் இக்காரஸிடம் சொல்கிறான். மகன் சூரியனை நோக்கிப் பறக்க, மெழுகு உருகி, கடலில் விழுந்து சாகிறான். நம் ராமாயணத்திலும் சூரியனை நோக்கிப் பறந்தவர்கள் உண்டு. சம்பாதியும் ஜடாயுவும் போட்டி போட்டுப் பறக்க, வெயில் தாங்காத தம்பிக்கு மேலே அண்ணன் சம்பாதி சிறகை விரித்து நிழல் கொடுத்து, தன் சிறகு கருகி விழுகிறான். இக்காரஸும் சம்பாதியும் ஒரு மலையில் சந்தித்தால் என்ன பேசிக்கொள்வார்கள்? இரண்டு பேர் உரையாடலாக எழுதச் சொன்னால் நாடகம் பிடிக்காத பையன்கூட எழுதுவான். அக்னி வெயிலைப் பார்த்த வேலூர்க்காரனுக்குச் சிறகு கருகுவதைத் தனியாக விவரிக்க வேண்டாம்.

ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி நகலெடுத்துக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் ‘அபிதான சிந்தாமணி’யைப் புரட்டலாம்; 1910-இல் சிங்காரவேலு முதலியார் தொகுத்து வெளிவந்த பெரிய அகராதி, புராணப் பெயர்கள் அநேகமாக எல்லாம் அதில் உண்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஒரு கதைக்கு இரண்டு வடிவம் இருந்தால் இரண்டையும் சுருக்கத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘எங்க பாட்டி வேற மாதிரி சொன்னாங்க மிஸ்’ என்று தகராறு வரும். வந்தால் அந்தப் பாட்டி வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதியும் விதிகளும்

ஜூலையில் அறிவித்து, செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடித்துவிடுவது உத்தமம். நடுவில் ஆடி மாதம் வருகிறது. ஊர் ஊராகத் திருவிழாவும் கூத்தும் இருக்கும், பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அரையாண்டுக்கு அப்புறம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை யாரும் விடமாட்டார்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் கலைத் திருவிழாத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் முட்டினால் கலைத் திருவிழாதான் ஜெயிக்கும், உங்கள் போட்டி நிற்கும்.

வகுப்பை மூன்று பிரிவாகப் பிரிக்கலாம்: ஆறு முதல் எட்டு, ஒன்பது பத்து, மேல்நிலை. கதை அறுநூறு சொல்லுக்குள், கவிதை ஒரு பக்கத்துக்குள், ஓவியம் கால் சார்ட்டில், குறுநாடகம் ஏழு நிமிஷம், ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். நாடகத்தில் ஆள் கூடினால் ஒத்திகைக்குச் சேர்ப்பதே பெரும்பாடு. ஒருத்தன் டியூஷன், இன்னொருத்தன் கடைசி பஸ் என்று கிளம்பிவிடுவார்கள். தமிழ், உருது, தெலுங்கு, ஆங்கிலம் எந்த மொழியிலும் எழுதலாம் என்று முதல் வரியிலேயே போடுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்கள் பாட்டி சொன்ன கதை அந்த மொழியில்தான் இருக்கும்.

கூத்து வாத்தியாரை அழைத்து வாருங்கள்

இதை விட்டுவிட்டால் போட்டியில் பாதி போய்விடும். கதையைப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைக்குக் கேள்வி கேட்கத் தைரியம் வராது. கட்டியங்காரனை நேரில் பார்த்த பிள்ளைக்கு வரும்.

செய்யாறு பக்கத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர்போனது. கண்ணப்ப தம்பிரான் பரம்பரையால் அந்த ஊர்ப் பெயர் நாடு தாண்டியும் போயிருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு ஜமாவாவது, அதாவது கூத்துக் குழுவாவது, இருக்கும். திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தாவைக் கேட்டால் வாத்தியார் போன் நம்பர் கிடைக்கும். உங்கள் மாணவன் ஒருவனின் மாமாவோ தாத்தாவோ கட்டை கட்டி ஆடுகிறவராக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அவன் கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருப்பான். வகுப்பில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பேசும்போது சில விஷயங்களைத் தெளிவாக முடித்துக்கொள்ளுங்கள். முழு இரவுக் கூத்து வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு திரைப் பிரவேசம், கட்டியங்காரன் பேச்சு, ஒரு சண்டை அல்லது தர்க்கம். முழு ஜமா வேண்டாம்; இரண்டு வேஷம், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, பின்பாட்டுக்கு ஒருவர். அரிதாரம் பூச, கிரீடமும் புஜக்கட்டையும் கட்ட நேரம் பிடிக்கும். அதை மூடிய அறைக்குள் வைக்காமல் பிள்ளைகள் எதிரிலேயே வேஷம் கட்டச் சொல்லுங்கள். ஆட்டத்தைவிட அதைத்தான் வாய் பிளந்து பார்ப்பார்கள். சாதாரணச் சட்டையும் லுங்கியுமாக வந்த மனிதர் கண்ணெதிரே துரியோதனனாக மாறுவதும், இரண்டு பேர் பிடித்த துணித் திரைக்கு மேலே முதலில் கிரீடத்தின் நுனி மட்டும் தெரிவதும், திரைக்குக் கீழே சலங்கைக் கால் தரையை மிதிப்பதும் ஓவியம் வரைகிற பிள்ளைக்குப் பல நாள் தீனி.

பணம். இதில் கூச்சமே வேண்டாம். சால்வை போர்த்தி, ஒரு கேடயம் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடும் பழக்கம் பள்ளிகளில் இருக்கிறது. சால்வையை வைத்து அவர் என்ன செய்வார்? ஓர் இரவுக்கு என்ன வாங்குகிறார்களோ அதில் நியாயமான பங்கு, போக்குவரத்து, சாப்பாடு மூன்றையும் முன்கூட்டியே பேசி, வந்த அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். பள்ளி நிதியில் இல்லையென்றால் முன்னாள் மாணவர்களையோ ஊரில் உள்ள ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களையோ கேளுங்கள். பரிசுச் செலவைக் குறைத்தாவது இதைக் கொடுக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். “துரியோதனன் கெட்டவன்னு தெரிஞ்சும் ஏன் அவரு வேஷம் கட்டறீங்க, தாத்தா?” என்று ஒரு பையன் கேட்டான். வாத்தியார் கொஞ்ச நேரம் தாளத்தை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “கெட்டவன்னு நான் நினைச்சிக்கினு ஆடினா அது துரியோதனன் இல்லடா, எதிராளி” என்றார். படைப்புப் பட்டறையில் நாம் அரை நாள் பேசினாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

எழுதவைப்பது

வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் அப்பா எழுதுவார், அக்கா எழுதுவாள். பள்ளி நேரத்திலேயே, கடைசிப் பீரியடை வாங்கி, வாரம் ஒருநாள் வீதம் மூன்று வாரம் உட்காரவையுங்கள். முதல் வாரம் கேள்வி மட்டும். ஒவ்வொருவரும் தாளில் பத்துக் கேள்வி எழுத வேண்டும். முதல் ஐந்து எல்லோருக்கும் வருவதுதான், ஏழாவதுக்கு மேல்தான் சொந்தக் கேள்வி எட்டிப் பார்க்கும். இரண்டாவது வாரம் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக் கரட்டு வடிவம். மூன்றாவது வாரம் பக்கத்தில் உள்ளவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டித் திருத்துவது.

திருத்தும்போது நம் கை சும்மா இருக்காது. எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், சரி. ‘சொன்னா’ என்பதை ‘கூறினாள்’ என்று மாற்றாதீர்கள். குடம் பேசினால் அது குடியாத்தம் பேச்சில் பேசட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் சமாசாரம் ஒன்று இருக்கிறது. மேல்நிலைப் பிள்ளைகள் சாட்ஜிபிடியில் போட்டு எடுத்துவருவார்கள். தடை போட்டுப் பயனில்லை, கண்டுபிடிப்பதும் கஷ்டம். அதற்கு நான் செய்வது, கரட்டுத் தாளையும் கேள்வித் தாளையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று விதி வைப்பது, அப்புறம் இறுதிச் சுற்றில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிஷம் தன் படைப்பைப் பற்றி நின்று பேச வேண்டும் என்று வைப்பது. சொந்தமாக எழுதியவன் திக்கித் திணறினாலும் பேசிவிடுவான்.

சங்கடம் வரக்கூடிய இடங்கள்

இந்தக் கதைகளில் பல இன்றைக்கும் கும்பிடப்படுகிற தெய்வங்களின் கதைகள். ஆகவே போட்டியைக் கதையாக மட்டும் வையுங்கள். தொடக்க விழாவில் பூஜை, கற்பூரம் எதுவும் வேண்டாம். எந்தக் கதையை எடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். இஸ்லாமிய, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் கொடுக்காதீர்கள், அது இன்னும் மோசம். எல்லோருக்கும் ஒரே பட்டியல், அதில் தேசிங்கும் இக்காரஸும் இருந்தால் போதும்.

விதி ஒன்று எழுதிவைக்கலாம்: வழிபாட்டைக் கேலி செய்யக் கூடாது, கதைமாந்தரைக் கேள்வி கேட்கலாம். பெற்றோர் யாராவது வந்து சாமியைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்டால், கட்டியங்காரன் அம்மன் கோயில் வாசலிலேயே நின்று இதைவிடக் கேட்கிறானே என்று சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது புரியும். தலைமை ஆசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் கதைப் பட்டியலை முன்னாலேயே காட்டிவிடுவது நல்லது. வெளிப் பள்ளிகளையும் சேர்ப்பதாக இருந்தால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சாதி இன்னும் கவனமான இடம். ரேணுகை கதையின் பல வடிவங்களில் அடைக்கலம் கொடுத்த பெண்ணின் சாதியைச் சொல்லித்தான் கதை நகர்கிறது. சுருக்கத்தில் ‘அடைக்கலம் கொடுத்த பெண்’ என்று மட்டும் போடுங்கள். ஒரு பிள்ளை அதைப் பற்றியே எழுத விரும்பினால் தடுக்க வேண்டாம், தனியாக உட்கார்ந்து பேசுங்கள். வேறு பிள்ளையைக் குத்திக்காட்ட அதைப் பயன்படுத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

திரௌபதி துகிலுரிதல் காட்சியைக் குறுநாடகமாகப் போட அனுமதிக்க வேண்டாம் என்பது என் கட்சி. பதின்மூன்று வயசுப் பெண்ணை மேடையில் அந்த நிலையில் நிறுத்துவது எதற்கு? சபையில் வாய்மூடி உட்கார்ந்திருந்த பெரியவர்களைப் பற்றி நாடகம் போடட்டும்.

நடுவர்கள்

மூன்று பேர் போதும். ஒருவர் தமிழ் ஆசிரியர், வேறு பள்ளியிலிருந்து. ஒருவர் ஓவிய ஆசிரியர். மூன்றாமவர் கூத்துக் கலைஞராகவோ நூலகராகவோ இருக்கலாம். உள்ளூர்ப் பிரமுகரைப் பரிசு கொடுக்கக் கூப்பிடுங்கள், நடுவராக வேண்டாம்.

ஐம்பது மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: கேள்வியின் புதுமைக்கு 20, வடிவத்தைக் கையாண்ட விதத்துக்கு 15, மூலக்கதையைச் சரியாகப் புரிந்துகொண்டதற்கு 10, நேரில் பேசியதற்கு 5. கையெழுத்துக்கும் அலங்காரத்துக்கும் பூஜ்யம். சார்ட்டில் ஜிகினா ஒட்டியவருக்குத்தான் பரிசு என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஊறிக்கிடக்கிறது, அதை உடைக்க இந்தப் பூஜ்யத்தைச் சுற்றறிக்கையிலேயே அச்சடித்துவிடுங்கள். நடுவர்களோடு முன்கூட்டியே அரை மணி நேரம் உட்கார்ந்து இரண்டு மாதிரிப் படைப்புகளுக்கு மூவரும் மதிப்பெண் போட்டுப் பார்த்துக்கொண்டால் பிற்பாடு பஞ்சாயத்து வராது. கடைசியில் ‘நீதி’ எழுதியிருந்தால் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும் பழக்கம் தமிழாசிரியர்களுக்கு உண்டு. மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

போட்டி நாள்

காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தகரக் கூரை அரங்கில் யாரும் கவிதை கேட்க மாட்டார்கள். ஓவியங்களை முந்தின நாளே வராந்தாவில் கட்டிவிடுங்கள், படம் ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி ஒரு வரியில் இருக்கட்டும். மைக் செட்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு, கரண்ட் போனால் என்ன செய்வதென்று கேட்டு வையுங்கள். நாடகங்களை முதலிலும் கடைசியிலும் வைத்து, நடுவில் கதை கவிதை. பிரமுகர் பேச்சுக்கு ஐந்து நிமிஷம். அவர் இருபது நிமிஷம் பேசுவார், அதற்கும் இடம் விட்டு நேரத்தைப் போடுங்கள்.

பரிசுக்கு ஹாட்பாக்ஸ், டிபன் கேரியர் வாங்குவதைப் போன தலைமுறையோடு விட்டுவிடலாம். புத்தகம், நல்ல வண்ணப் பெட்டி, முதல் பரிசுக்காரருக்கும் ஒரு தோழருக்கும் அவர் எழுதிய கதையின் ஊருக்குப் போய்வர பஸ் செலவு. ஆசிரியர் ஒருவர் கூடப் போகட்டும்.

முடிந்ததும் படைப்புகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நல்லவற்றைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகள் கையெழுத்திலேயே நகலெடுத்து, பஜாரில் பைண்டிங் கடையில் கொடுத்துக் கையெழுத்துப் பத்திரிகையாகக் கட்டலாம். ஒரு பிரதி பள்ளி நூலகத்துக்கு, ஒரு பிரதி கூத்து வாத்தியாருக்கு. மூலத் தாள்களைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருஷக் கதைப் பட்டியலுக்கு என்ன சேர்க்கலாம் என்று அன்றைக்கே அவர்களிடம் கேட்டுத் தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்; ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எல்லோரும் கர்ணன் என்றுதான் சொல்வார்கள்.